முப்பது நொடி அம்மா

தமிழ்த் தொலைக்காட்சியின் உணவு விளம்பரங்களில் ஒரு அம்மா இருக்கிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது. பெரிய சமையலறை, கசங்காத உடை, எப்போதும் பகல் வெளிச்சம். பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வாசலில் நிற்கிறாள். பிள்ளை சோர்ந்து வருகிறான். அல்லது பக்கத்து வீட்டுப் பையனைவிட விரற்கடை உயரம் குறைந்து வருகிறான். அல்லது ஓட்டப் பந்தயத்தில் தோற்று வருகிறான். அவள் முகம் வாடுகிறது. டப்பா வருகிறது. அடுத்த காட்சியில் பிள்ளை ஜெயிக்க, அவள் கண்ணோரம் நனைகிறது. எல்லாம் முப்பது நொடிக்குள் முடிந்துவிடும்.

குழந்தைகளின் உடல் எடையையும் விளம்பரங்களையும் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்றே எழுதுகிறார்கள். அதுவும் வேண்டியதுதான், பின்னால் நானும் வருகிறேன். ஆனால் முதலில் அந்த அம்மாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிள்ளை இளைத்தாலும் பெருத்தாலும் கடைசியில் கூண்டில் ஏற்றப்படுகிறவள் அவள்தான்.

சங்கப் பாடலைக் கையில் எடுத்ததும் இது யார் கூற்று என்று கேட்கிறோம். தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா, நற்றாய் கூற்றா? அதே கேள்வியை விளம்பரத்திடமும் கேட்டுப் பார்க்கலாம். பழைய ஹார்லிக்ஸ் விளம்பரத்தில் பேசியது குழந்தை. கரைக்காமல் ஆற்றாமல் ‘அப்படியே சாப்பிடுவேன்’ என்ற அந்தக் குரலை நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காம்ப்ளான் பிள்ளைகள் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் டப்பாவின் பெயரைச் சொல்லித் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். ஆசைப்படுவதும் அடம்பிடிப்பதும் பிள்ளையின் வேலையாக இருந்த காலம் அது. பிறகு கூற்று மெல்ல அம்மாவிடம் வந்தது. போர்ன்விட்டாவின் ஒரு விளம்பரத்தில் ஒரு தாய் மகனோடு போட்டி போட்டு ஓடுகிறாள். விட்டுக்கொடுப்பதே இல்லை. என்றைக்கு அவன் தன்னைத் தோற்கடிக்கிறானோ அன்றைக்குத்தான் அவனுக்கு ஜெயிக்கிற பழக்கம் வரும் என்பது அவள் எண்ணம். நன்றாக எடுக்கப்பட்ட படம். ஒரு பெண் மூச்சிரைக்க ஓடுவதைக் காட்டுகிறார்களே என்று பார்த்தவுடன் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அவள் ஓடுவது ஒருநாள் தோற்றுப்போவதற்காக.

இப்போது பேசுவதும் நற்றாய், பேசப்படுவதும் நற்றாயிடம். பிள்ளைக்குப் போதுமான சத்து கிடைக்கிறதா, போதுமான வளர்ச்சி இருக்கிறதா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘போதும்’ என்று பதில் சொல்லத் துணிகிற தாய் யார்? ‘உங்கள் குழந்தை’ என்பதில் இருக்கிற மரியாதைப் பன்மை, விளம்பரத் தமிழில் மட்டும் பெண்பால் ஒருமையாகிவிடுகிறது. அப்பா எப்போதாவது செய்தித்தாளின் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சிரிப்பார், அவ்வளவுதான். செவிலி என்கிற ஆளே கிடையாது. அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், ஊட்டி வளர்த்தவள் செவிலி. நம் வீடுகளில் அப்பத்தா, அம்மாச்சி, மூத்த அக்கா, பக்கத்து வீட்டு அத்தை என்று பல பெயர்களில் இருக்கிற செவிலிகளை விளம்பரம் வெளியேற்றிவிட்டு, அவர்கள் நின்ற இடத்தில் டப்பாவை வைத்தது.

கம்பம் பள்ளத்தாக்கில் அந்த அம்மா எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பார்க்கலாம். கம்பம், கூடலூர், தேவாரம், போடி பகுதிகளிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை அள்ளிக்கொண்டு போகிற ஜீப்புகள். ஏலக்காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள் வீடு திரும்ப அந்தியாகிவிடும். மலையேறாதவர்கள் திராட்சைத் தோட்டத்திலோ வாழைத் தோப்பிலோ நடவு வயலிலோ இருப்பார்கள். ஆக, பிள்ளை பள்ளி விட்டு வரும்போது வாசலில் நிற்க எந்த அம்மாவும் இல்லை. அப்பத்தா கதவைத் திறப்பார். அவரும் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தால் பிள்ளை தானே திறந்துகொள்ளும். கையில் பத்து ரூபாய். தெருமுனைப் பெட்டிக்கடையில் ஐந்துக்கும் பத்துக்கும் சரஞ்சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகள். வீட்டுக்குள் வந்ததும் டிவி.

அந்த டிவி பல வீடுகளுக்கு வந்த கதையும் நமக்குத் தெரிந்ததுதான். 2006 தேர்தலில் வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்த திமுக அரசு, 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. அதைக் கேலி செய்தவர்களோடு சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. முன்பு டிவி பார்க்கப் பண்ணை வீட்டுத் திண்ணையில், வாசலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்குச் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற கௌரவம் அதனால் வந்தது. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த பெண்ணுக்குச் சீரியல் நேரம்தான் அவள் உட்காருகிற நேரம். ஆனால் ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் ஒன்றரைக் கோடி புதிய விளம்பரப் பலகைகளாகவும் ஆயின. ஐந்து ரூபாய் பாக்கெட் விற்பவருக்கு மலையடிவாரக் கிராமம் வரைக்கும் வழி கிடைத்தது.

ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஒரு அக்காவிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “நான் இல்லாத நேரத்துக்கு அந்தப் பாக்கெட்டாச்சும் இருக்குல்ல டீச்சர், பிள்ளை அழுகாம இருக்கும்” என்றார். குற்றவுணர்வோடு சொல்லவில்லை. ஜீப் எத்தனை மணிக்கு, கூலி எவ்வளவு என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். முப்பது நொடி அம்மாவின் கண்ணீர் அவரிடம் இல்லை. நேரம்தான் இல்லை.

விளம்பரம் பார்ப்பதால் மட்டும் ஒரு பிள்ளை பருமனாகிவிடுமா? ஆகாது. ஓடி விளையாட இடமில்லாதது, விலை, தூக்கம், வம்சவாகு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் விளம்பரத்துக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாத நிலை வந்து வெகுகாலம் ஆகிறது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2006இல் வெளியிட்ட அறிக்கை, தொலைக்காட்சி விளம்பரங்கள் குழந்தைகளின் உணவு விருப்பத்தையும் கேட்டு வாங்குவதையும் மாற்றுகின்றன என்று உறுதியாகச் சொன்னது. 2009இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகளில் ஒரு பாதிக்கு இடையிடையே தின்பண்ட விளம்பரம், மறுபாதிக்கு வேறு விளம்பரம். எல்லோர் முன்னாலும் ஒரே நொறுக்குத் தீனி. தின்பண்ட விளம்பரம் பார்த்த பிள்ளைகள் 45 சதவீதம் அதிகமாகத் தின்றார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் தின்றது விளம்பரத்தில் வந்த பண்டமே இல்லை. விளம்பரம் தன் சரக்கை மட்டும் விற்கவில்லை, வாயை அசைபோட வைக்கிறது. வீட்டு முறுக்குத்தானே கொடுக்கிறேன், கடலை உருண்டைதானே கொடுக்கிறேன் என்று நிம்மதிப்படுகிற படித்த அம்மாக்களும் (என் சக ஆசிரியைகள் உட்பட) இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி டப்பாவுக்குள். ‘சத்து’ என்பது நம் அடுப்படிச் சொல். கஞ்சியில் சத்து, கீரையில் சத்து, மண்ணில் சத்து, பேச்சில் சத்து. இந்தச் சொல்லை டப்பாக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். 2023 ஏப்ரலில் சமூக ஊடகத்தில் ஒருவர் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று காணொளி போட்டார். நிறுவனம் சட்ட நோட்டீஸ் அனுப்ப, அதை நீக்கினார். ஆனால் விஷயம் அதற்குள் பரவி, தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அப்போது நிறுவனமே சொன்ன கணக்கு: 20 கிராம் பொடியில் 7.5 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதைப் பாலில் போட்டு, அதன் தலையில் நம் வீட்டுச் சீனியையும் போடுகிறோம். ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், இத்தகைய பொடிகளை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு ஒன்றிய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. ஹார்லிக்ஸும் அதே மாதம் தன் பிரிவுப் பெயரை மாற்றிக்கொண்டது. பல தலைமுறை அம்மாக்கள் கடன் சொல்லியாவது வாங்கிய ‘ஆரோக்கியம்’ சட்டப் புத்தகத்தில் இல்லாத சொல்.

இன்னொரு பழைய செய்தி. பிள்ளைகள் உயரமாக, வலுவாக, கூர்மையாக வளர்வார்கள் என்று சொன்ன ஹார்லிக்ஸ் விளம்பரம் ஒன்று 2008இல் பிரிட்டனில் தெரிகிற ஒரு நேபாள அலைவரிசையில் வந்துவிட்டது. ஆதாரமில்லை என்று அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் தடை செய்தது. அது வங்கதேசத்துக்காக எடுத்தது, தவறி இங்கே வந்துவிட்டது என்றது நிறுவனம். அதாவது வெள்ளைக்காரத் தாயிடம் சொல்லக் கூசுவதை நம்மிடம் சொல்லலாம்.

சந்தர்ப்பம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் ஹார்லிக்ஸ், இந்துஸ்தான் யூனிலீவர் கைக்குப் போனது. மகளின் நிறம் மாற ஃபேர் அண்ட் லவ்லி விற்ற அதே நிறுவனம் (அந்தப் பெயரையும் அதே ஆண்டுதான் மாற்றினார்கள்). மகனுக்கு உயரம், மகளுக்கு நிறம். உள்ளே பொம்மை வைத்து விற்கும் கிண்டர் ஜாயைப் பையன்களுக்கு நீலம், பெண்களுக்கு இளஞ்சிவப்பு என்று பிரித்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். மிட்டாய்க்குக்கூடப் பால் பார்க்கிறார்கள்.

உயரம் என்கிற அச்சம் முழுக்க விளம்பரக்காரர் இட்டுக்கட்டியதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாதது. எடை மிகுந்தவை 4.3 சதவீதம்தான். 2025இல் யுனிசெப் வெளியிட்ட அறிக்கை, உலகளவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமனானவர்கள் எடை குறைந்தவர்களை முதன்முறையாக முந்திவிட்டார்கள் என்றது. தெற்காசியா அதில் இன்னும் விலக்கு. இங்கே இரண்டும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கின்றன. வளராத பிள்ளையின் வீட்டு அச்சத்தைக் காட்டி, வளர்ந்த பிள்ளையின் வீட்டிலும் சர்க்கரையை விற்க முடிகிறது என்பதுதான் இந்த வியாபாரத்தின் சாமர்த்தியம்.

உயரமில்லாத பிள்ளைக்கு இங்கே உண்மையில் சோறு போட்டது யார்? 1982 ஜூலையில் எம்ஜிஆர் தொடங்கிய சத்துணவுத் திட்டம். அடுத்த ஆண்டுதான் மேகி நூடுல்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஒன்று பள்ளிக்கூடக் கூடத்தில் பாயில் உட்கார வைத்துச் சோறு போட்டது, இன்னொன்று இரண்டே நிமிடம் என்றது. சத்துணவில் பின்னாளில் முட்டை வந்தது, அது வாரம் ஐந்து நாளானது. 2022 செப்டம்பரில் பக்கத்து மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. இதைச் சமைக்கிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். சத்துணவு ஆயாக்கள், சமையலர்கள். அகப்பாடலின் செவிலி இவர்கள்தான், குறைந்த ஊதியத்தில். ஒரு அவித்த முட்டைக்காக எந்த நடிகையும் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. முட்டைக்கு விளம்பரம் இல்லாததால், சத்துணவு சாப்பிடுகிற பிள்ளையைத் தாழ்வாகப் பார்க்கிற வழக்கம் நடுத்தரத் தெருக்களில் இன்னும் போகவில்லை. டப்பா குடிக்கிற பிள்ளை உயர்சாதிப் பிள்ளை மாதிரி நடத்தப்படுகிறது.

எடை என்று வரும்போது தமிழில் ஒரு சொல் என்னை விடாமல் துரத்துகிறது: கொழு. கைக்குழந்தை ‘கொழுகொழு’ என்றிருந்தால் திருஷ்டிப் பொட்டு வைக்கிறோம். அதே வேரிலிருந்து வருவது கொழுப்பு. எதிர்த்துப் பேசுகிற பெண்ணுக்கு ‘கொழுப்பெடுத்தவ’ என்று பெயர். ஆணையும் சொல்வார்கள்தான், ஆனால் அது அநேகமாகச் செல்லமாக முடிந்துவிடும். பெண்ணுக்குச் சதை ஒரு நடத்தைக் கேடு மாதிரி. எங்கள் பக்கத்தில் பெண் சமைந்தால் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று தேற்றுவார்கள். அந்தப் பதினாறு நாளோ முப்பது நாளோதான் ஒரு பெண் முதல் பந்தியில் சாப்பிடுகிற காலம். பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்ட வட்டாரம் இது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததற்கு எங்கள் வட்டாரமும் ஒரு காரணம். பிழைத்த பெண்ணுக்குக் கிடைத்த அந்த ஒரு மாத ஊட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது முடிந்து ஓரிரு ஆண்டுகளில் அதே பெண்ணிடம் “சதை போடாத, மாப்பிள்ளை கிடைக்காது” என்கிறோம். வகுப்பில் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாலையில் பாக்கெட் தின்கிற மாணவிகளைப் பார்க்கிறேன். ஒல்லியாக வேண்டும் என்கிற விளம்பரமும் தின்னச் சொல்கிற விளம்பரமும் ஒரே சீரியல் இடைவேளையில் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டையும் கூட்டினால் நூறுக்கு நெருங்கிவிட்டது என்று ஒரு மாணவி சிரித்தாள். கூட்டக்கூடாது, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம் என்று இன்னொருத்தி சொன்னதும் வகுப்பு அமைதியானது. வயிறு நிறைந்திருக்கிறது, ரத்தம் இல்லை.

பருத்த பிள்ளைக்குத் தாயைக் குற்றம் சொல்வது புதிதும் இல்லை, நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1940களில் அமெரிக்காவில் ஹில்டே புரூக் என்கிற பெண் மருத்துவரே பருமனான பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்து, அளவுக்கு மீறிப் பொத்தி வளர்த்து ஊட்டும் தாய்களிடம் காரணத்தைத் தேடினார். இன்று நம் மருத்துவமனை வரிசையில் “என்னம்மா கண்டதையும் வாங்கிக் குடுக்குறீங்களா?” என்கிற கேள்வி அதன் தொடர்ச்சி. கண்டதைக் காட்டியவர் யார் என்று கேட்பதில்லை.

இதற்கு மாற்றாகப் ‘பாட்டி உணவுக்குத் திரும்புவோம்’ என்று மேடையில் முழங்குகிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. என் அப்பத்தா கம்பு இடித்ததை நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். கம்மங்கூழின் அருமையைப் பேசுகிற ஆண்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்திருக்கிறார்கள்? மேகியின் இரண்டு நிமிடம் பொய்தான், அடுப்பில் அது இரண்டு நிமிடத்தில் வேகாது. ஆனால் பெண்ணுக்கு நேரம் வேண்டும் என்று கண்டுகொண்டதில் அந்த விளம்பரக்காரன், நம் பாரம்பரியவாதிகளைவிட ஒரு படி மேல். அந்த நேரத்தை வேறு வழியில் யாராவது கொடுக்க வேண்டும். மாலையில் பள்ளியிலேயே சுண்டல் கொடுக்கலாம். ஜீப் திரும்பும் வரை அங்கன்வாடி திறந்திருக்கலாம். அப்பாக்கள் அடுப்பு பற்ற வைக்கலாம். இதில் எதுவும் உலக்கைக்குத் திரும்புவதில்லை.

சட்டத்தால் முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. பால்புட்டிக்கும் குழந்தைப் பால்பொடிக்கும் எதிரான நீண்ட போராட்டத்தின் பயனாக 1992இல் ஒரு சட்டம் வந்து, 2003 திருத்தத்தோடு, இரண்டு வயது வரையான குழந்தை உணவுக்கு இந்தியாவில் விளம்பரமே கூடாது என்றானது. ஆகவேதான் கைக்குழந்தைப் பால்மாவு விளம்பரம் நம் டிவியில் வருவதில்லை. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்த மறுநாள் அந்த வேலி இல்லாமல் போகிறது. 2020 விதிகளின்படி கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளியிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது, விளம்பரப்படுத்தக்கூடாது. எங்கள் ஊர்ப் பள்ளி வாசல்களில் நின்று பார்த்தால் அந்த 50 மீட்டர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளின்போதும் குழந்தைகளுக்கான அலைவரிசைகளிலும் காட்டக்கூடாது என்கிறது. நல்ல வரிதான், ஆனால் நம் வீட்டை அறியாத வரி. எங்கள் பக்கத்துப் பிள்ளை தனியாகக் கார்ட்டூன் பார்க்கிற நேரம் குறைவு. ஒரே டிவி, ஒரே அறை. அப்பத்தாவின் மடியில் படுத்துக்கொண்டு ஏழு மணிச் சீரியலும், அப்பாவோடு கிரிக்கெட்டும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டியும் பார்க்கிறது. இவை எதுவும் குழந்தைகள் நிகழ்ச்சி இல்லை. ஆகவே எதையும் காட்டலாம்.

சிலி நாடு நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தது. 2016இல் டப்பாவின் மேல் கறுப்பு எண்கோண முத்திரை குத்தியது, பொட்டலத்திலிருந்த கார்ட்டூன் பொம்மைகளை நீக்கியது. 2018 முதல் காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை அப்படிப்பட்ட உணவுகளுக்குத் தொலைக்காட்சியில் விளம்பரம் கிடையாது. பிரிட்டனில் இரவு 9 மணிக்கு முன் கூடாது என்கிற சட்டம், பலமுறை தள்ளிப்போய் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பண்டத்தைக் காட்டாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் காட்டினால் சரி என்று அதிலும் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். கியூபெக் மாகாணம் 1980லிருந்தே 13 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைக்கிற எந்த வணிக விளம்பரத்தையும் அனுமதிப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பெண்கள் அமைப்புகள் கேட்க வேண்டியது இந்தக் கடிகாரத்தைத்தான் என்று நினைக்கிறேன். மாலை 4 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும். அலைவரிசைகள் எளிதில் ஒத்துக்கொள்ளாது. சீரியல் நேரத்து விளம்பரத்தை நம்பி நடக்கிற தொழில் அது. அந்தச் சீரியலைப் பார்க்கிறவர்களும் பெண்கள்தான். தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி, அடுப்பில் உலையை வைத்துவிட்டு, இடைவேளையில் எழுந்துபோய்க் குழம்பைக் கிண்டிவிட்டு வருகிறவர்கள். அந்த இடைவேளையில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது பிள்ளை மட்டும்தான்.